ஆரஞ்சு வயரை மடித்துச் சுவருக்குள் விடாதீர்கள்: ஹீட் பம்ப், ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் பற்றி வாசகர் கேள்வி பதில்

குளிர் தொடங்கியதிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றித்தான். தள்ளுபடியில் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் வாங்கி, சனிக்கிழமை வீட்டிலேயே மாட்டியிருக்கிறார்கள். அப்புறம் ஏதோ ஒன்று சரியில்லை. அதனால் இந்த மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். நான் கோயம்புத்தூரில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறையில் வேலை கற்று, இப்போது வட கரோலினாவில் ராலே பக்கம் ஹீட் பம்ப் பழுது பார்க்கிறேன். கோடையில் ஏசியாகக் குளிர்வித்து, குளிர்காலத்தில் திசை மாறி வீட்டைச் சூடாக்குகிற மெஷின்தான் அது. நம்மவர் வீட்டு அட்டிக்கில் நான் பார்க்கும் கோளாறுகளில் பாதி, மெஷினில் இல்லை. சுவரில் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டியின் பின்னால்தான் இருக்கின்றன.

தெர்மோஸ்டாட்டின் பின்னால் வயர் செருகும் டெர்மினல்களில் ஆங்கில எழுத்துகள்தான் இருக்கும். அவற்றின் பெயரையே இங்கே எழுதுகிறேன். ஆர் என்பது 24 வோல்ட் வரும் வழி. சி அது திரும்பிப் போகும் வழி. ஒய் வெளியே இருக்கும் கம்ப்ரசரை ஓட்டுகிறது. ஜி உள்ளே இருக்கும் காற்றாடிக்கு. ஓ/பி, சூடா குளிரா என்று திசை மாற்றும் ரிவர்ஸிங் வால்வுக்கு. டபிள்யூ அல்லது ஆக்ஸ், உதவிக்கு வரும் ஹீட் ஸ்ட்ரிப்புக்கு. இந்த ஆறும் மனதில் இருந்தால் கீழே உள்ள எல்லாம் புரியும்.

கேள்வி: நவம்பரில் பழைய தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் மாட்டினேன். வீடு நன்றாகச் சூடாகிறது. ஆனால் 140 டாலர் வந்துகொண்டிருந்த கரண்ட் பில் ஜனவரியில் 390 டாலர் வந்திருக்கிறது. நிறம் பார்த்துத்தான் வயரை மாட்டினேன். ஆரஞ்சு வயர் ஒன்று மட்டும் மிச்சமானது. இடம் தெரியாததால் மடித்துச் சுவருக்குள் விட்டுவிட்டேன். அதனால் இருக்குமா அண்ணா?
– வாசகர், கேரி, வட கரோலினா

பதில்: அதனால்தான், தம்பி. இந்த மாதம் வந்த கடிதங்களில் நான் முதலில் எடுத்தது உங்களுடையதைத்தான். ஏனென்றால் இந்தக் கோளாறு வெளியே தெரியாது. வீடு சூடாக இருக்கிறது, தெர்மோஸ்டாட்டில் எந்த எச்சரிக்கையும் இல்லை, பில் வரும்போதுதான் தெரியும்.

நடந்தது இதுதான். ஆரஞ்சு வயர் உங்கள் வீட்டில் ரிவர்ஸிங் வால்வுக்குப் போகிற ஓ வயர். அதை மாட்டாமல் ஆர், ஒய், ஜி, டபிள்யூ, சி மட்டும் மாட்டியதும், தெர்மோஸ்டாட் தன் பங்குக்கு ஒரு முடிவுக்கு வந்துவிட்டது: இந்த வீட்டில் ஒரு ஃபர்னஸும் (கேஸ் எரித்துச் சூடாக்குகிற மெஷின்) ஒரு ஏசியும் இருக்கின்றன என்று. இனி சூடு வேண்டுமென்றால் அது டபிள்யூ வயரில் மட்டும் கரண்ட் விடும். ஃபர்னஸ் உள்ள வீட்டில் அது சரி. உங்கள் வீட்டில் டபிள்யூ போய்ச் சேருவது ஹீட் ஸ்ட்ரிப்புக்கு. வாட்டர் ஹீட்டருக்குள் இருக்கிற கம்பியைப் போன்றதுதான் அதுவும். கரண்டை அப்படியே வெப்பமாக மாற்றும். வெளியே நிற்கிற ஹீட் பம்ப் குளிர்காலம் முழுக்கச் சும்மாவே நின்றிருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 3 டன் ஹீட் பம்ப், வெளியே மிதமான குளிர் இருக்கும் நாளில் மணிக்கு ஏறக்குறைய 3 யூனிட் எடுத்துக்கொண்டு 10 யூனிட்டுக்கு நிகரான வெப்பத்தை உள்ளே கொண்டுவரும். வெப்பத்தை அது உண்டாக்குவதில்லை, வெளிக்காற்றிலிருந்து எடுத்து வருகிறது. அதே 10 யூனிட் வெப்பத்துக்கு ஸ்ட்ரிப் முழுசாக 10 யூனிட் கரண்ட் எடுக்கும். உங்கள் பில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஆனது இப்படித்தான்.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள மல்டிமீட்டர் எதுவும் வேண்டாம். தெர்மோஸ்டாட்டை இரண்டு டிகிரி ஏற்றிவிட்டு, பத்து நிமிடம் கழித்து வெளியே போய்ப் பாருங்கள். காற்றாடி சுற்ற வேண்டும். கறுப்பு ஸ்பாஞ்ச் சுற்றிய தடித்த செம்புக் குழாய் ஒன்று சுவருக்குள் போகும். ஸ்பாஞ்ச் விலகியிருக்கிற இடத்தில் விரலைச் சட்டென்று வைத்து எடுங்கள். ஹீட் பம்ப் சூடு கொடுக்கிறது என்றால் அந்தக் குழாய் நல்ல சூடாக இருக்கும். வெளி மெஷின் ஓடாமலே உள்ளே சூடான காற்று வந்தால், ஓடுவது ஸ்ட்ரிப் மட்டும்தான்.

சரி செய்வது கடினமில்லை. முதலில் பிரேக்கர் பெட்டியில் ஏர் ஹேண்ட்லர் (காற்றாடியும் ஸ்ட்ரிப்பும் இருக்கிற உள் மெஷின்), வெளி மெஷின் இரண்டுக்குமான பிரேக்கர்களை அணையுங்கள். ஆரஞ்சு வயரை ஓ/பி டெர்மினலில் செருகுங்கள். டபிள்யூ வயரை ஆக்ஸ் அல்லது டபிள்யூ2 என்று எழுதியதில் மாற்றுங்கள். சில தெர்மோஸ்டாட்டில் அது டபிள்யூ1-லேயே இருக்கலாம், அதன் அமைப்பில் (செட்டிங்கில்) 'ஆக்ஸ்' என்று சொன்னால் போதும். உங்கள் மாடலின் செயலி வயர் படம் காட்டும், அதைப் பாருங்கள். பிறகு கரண்ட் கொடுத்து, வீட்டு வகை 'ஹீட் பம்ப்' என்று மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஆகியிருக்காவிட்டால் கையால் மாற்றுங்கள். கம்ப்ரசர் உடனே ஓடாது. அதைக் காப்பதற்காக ஐந்து நிமிடம் வரை தெர்மோஸ்டாட் பிடித்து வைக்கும். அதற்குள் பதறி எதையும் மாற்ற வேண்டாம்.

இன்னும் இரண்டு விஷயம். ஆக்ஸ் எப்போது வரலாம் என்பதற்கு ஒரு வெளி வெப்பநிலை அமைப்பு இருக்கும். நம் ராலே பக்கத்துக்கு 35 டிகிரி ஃபாரன்ஹீட்டில் தொடங்குங்கள். அதற்கு மேல் நல்ல நிலையில் இருக்கும் ஹீட் பம்ப் தனியாகவே சமாளிக்கும். வீடு பழையது, காற்று புகுகிறது என்றால் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம். அடுத்தது, இரவில் 60-க்கு இறக்கிவிட்டுக் காலை ஆறு மணிக்கு 70 கேட்பது. ஃபர்னஸ் வீட்டில் அது சிக்கனம். ஹீட் பம்ப் வீட்டில் பத்து டிகிரியைச் சீக்கிரம் ஏற்றுவதற்காக தெர்மோஸ்டாட் ஸ்ட்ரிப்பைக் கூப்பிடும், இரவில் மிச்சம் பிடித்தது காலையில் போய்விடும். இரண்டு மூன்று டிகிரி இறக்கம் போதும்.

மார்ச்சுக்குள் எழுதியது நல்லதாகப் போயிற்று. இப்படியே விட்டிருந்தால் மே மாதம் ஏசி போட்ட அன்று சூடான காற்று வந்து, நல்ல மெஷினைக் கெட்டுப்போனதாக யாராவது சொல்லி, புதியதுக்கு விலை பேசியிருப்பார்கள். அப்படி நடந்த வீடுகள் எனக்குத் தெரியும். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

கேள்வி: எங்களுக்கு நேர்மாறு. எல்லா வயரையும் மாட்டியாயிற்று. ஹீட் போட்டால் ஜில்லென்று காற்று, கூல் போட்டால் சூடு. வயரை மாற்றிப் போட்டுவிட்டேனோ?
– வாசகி, ஆல்ஃபரெட்டா, ஜார்ஜியா

பதில்: வயர் சரியாகத்தான் இருக்கிறது, அமைப்பில் ஒரு தேர்வு மாற வேண்டும். ரிவர்ஸிங் வால்வுக்குக் கரண்ட் எப்போது கொடுப்பது என்பதில் தயாரிப்பாளர்களுக்குள் இரண்டு வழக்கம் உண்டு. கேரியர், லெனாக்ஸ், குட்மேன், ட்ரேன் போன்ற பெரும்பாலோர் குளிர்விக்கும்போது கொடுப்பார்கள். அது ஓ. ரீம், ரூட் மெஷின்களில் சூடாக்கும்போது கொடுப்பார்கள். அது பி. ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டில் இரண்டுக்கும் ஒரே ஓ/பி டெர்மினல். எந்த வழக்கம் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். மாட்டும்போது அது தானாக ஓ என்று எடுத்துக்கொண்டிருக்கும். வெளி மெஷினின் பெயர்ப் பலகையைப் பாருங்கள். அநேகமாக ரீமோ ரூடோதான் இருக்கும். அமைப்பில் பி என்று மாற்றினால் தீர்ந்தது.

வெளியே 30 டிகிரி இருக்கிற இரவில் இந்தத் தவறோடு விடிய விடிய ஓடவிடாதீர்கள். உள்ளே குளிர், தெர்மோஸ்டாட் இன்னும் சூடு கேட்கும், மெஷின் இன்னும் குளிர்விக்கும், அதைத் தாண்ட ஸ்ட்ரிப்பும் சேர்ந்து ஓடும். இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும், பில் உங்களுக்கு.

இதோடு ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும், கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். பழைய ட்ரேன், அமெரிக்கன் ஸ்டாண்டர்ட் தெர்மோஸ்டாட் சிலவற்றில் பி என்ற எழுத்து ரிவர்ஸிங் வால்வைக் குறிக்காது. அங்கே பி என்றால் பொது வயர், அதாவது இப்போதைய சி. நீல நிறத்தில் இருக்கும். ஓ என்று தனியாக ஆரஞ்சு வயரும் பக்கத்திலேயே இருக்கும். அந்த பி வயரை எழுத்தைப் பார்த்துப் புதிய ஓ/பி-யில் செருகினால், தெர்மோஸ்டாட் வால்வுக்குக் கரண்ட் கொடுக்கிற அந்த நொடியில் 24 வோல்ட் நேராக ஷார்ட் ஆகும். ஃபியூஸ் போகும், ஃபியூஸ் இல்லாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மரே போகும். பழைய தெர்மோஸ்டாட்டில் ஓ, பி இரண்டிலும் வயர் இருந்தால் கையை வைக்காமல், ஏர் ஹேண்ட்லர் மூடியைத் திறந்து அந்த நீல வயர் அங்கே எங்கே போய்ச் சேருகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நிறத்தைப் பற்றி எத்தனையோ பேர் கேட்கிறீர்கள். சிவப்பு என்றால் ஆர், மஞ்சள் ஒய், பச்சை ஜி என்பது வழக்கம்தான், சட்டம் இல்லை. வயர் இழுத்தவர் கையில் அன்றைக்கு எது இருந்ததோ அதை மாட்டியிருப்பார். வயரின் மறுமுனை எந்த டெர்மினலில் இருக்கிறது என்பதுதான் அதன் பெயர். பழையதைக் கழற்றும் முன் எழுத்துகள் தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அனுப்பும்போதும் அந்தப் படத்தைத்தான் அனுப்புங்கள்.

கேள்வி: சி வயர் இல்லாமலே வேலை செய்யும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. ஒரு மாதம் நன்றாக இருந்தது. இப்போது வாரத்துக்கு ஒரு தடவை திரை அணைந்து, வைஃபை அறுந்து, தானாகத் திரும்பி வருகிறது. தெர்மோஸ்டாட் கெட்டுவிட்டதா?
– வாசகர், சார்லட், வட கரோலினா

பதில்: தெர்மோஸ்டாட் நல்லதாகத்தான் இருக்கும், பட்டினி கிடக்கிறது. சி வயர் இல்லாத தெர்மோஸ்டாட் தனக்கு வேண்டிய கரண்டை ஒய் அல்லது டபிள்யூ வயர் வழியாக, மெஷின் ஓடாத நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து உள் பேட்டரியில் சேர்த்துக்கொள்ளும். மெஷின் நெடுநேரம் ஓடிக்கொண்டே இருக்கும் கடுங்குளிர் நாளில் அதற்கு வாய்ப்பு குறையும். வைஃபை ரேடியோவும் திரையும் எடுக்கிற அளவுக்கு வராவிட்டால் முதலில் வைஃபையை விடும், பிறகு திரையை. நெஸ்ட் வைத்திருந்தால் அமைப்பில் தொழில்நுட்பத் தகவல் பக்கத்தில் பேட்டரி வோல்ட் காட்டும். 3.6-க்குக் கீழே இறங்கியிருந்தால் இதேதான்.

பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும், ஹீட் பம்ப் வீட்டில் சி வயர் இல்லாமல் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் வைக்க வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். நல்ல செய்தி, பெரும்பாலான வீட்டில் அது ஏற்கெனவே சுவருக்குள்ளே இருக்கிறது. தெர்மோஸ்டாட் தட்டைக் கழற்றி, கேபிளின் வெளி உறை எங்கே முடிகிறது என்று பாருங்கள். பயன்படுத்தாத வயர் ஒன்றோ இரண்டோ உறையைச் சுற்றிக் கட்டியிருக்கும். அதே நிற வயர் ஏர் ஹேண்ட்லர் பக்கமும் சும்மா சுற்றப்பட்டிருக்கும். பிரேக்கரை அணைத்துவிட்டு அங்கே சி டெர்மினலில் ஒரு முனை, இங்கே சி-யில் மறுமுனை. கரண்ட் கொடுத்து, ஆர்-க்கும் சி-க்கும் நடுவே மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பார்த்தால் 24 முதல் 28 வரை காட்ட வேண்டும்.

மிச்ச வயர் இல்லையென்றால் ஜி வயரைப் பிடுங்கி சி ஆக்கச் சொல்லும் யோசனை ஒன்று பரவலாக இருக்கிறது. ஃபர்னஸ் வீட்டில் அது ஒப்பேறும். உங்கள் வீட்டில் செய்ய வேண்டாம். ஹீட் பம்ப் நின்று ஸ்ட்ரிப் மட்டும் ஓடுகிற எமர்ஜென்சி ஹீட்டில், ஸ்ட்ரிப் சிவக்கிற நேரத்தில் காற்றாடியும் ஓடியாக வேண்டும். அந்தக் கட்டளை போவது ஜி வழியாக. ஸ்ட்ரிப்போடு காற்றாடியைத் தானாக ஓட்டுகிற ஏர் ஹேண்ட்லர்கள் உண்டு என்றாலும், உங்களுடையது அப்படித்தானா என்று தெரியாமல் அதை நம்பி விடக்கூடாது. எட்டு இழை கொண்ட புதிய 18 கேஜ் கேபிளை இழுத்துவிடுங்கள். பழைய கேபிள் சுவருக்குள் ஆணி அடித்து இறுக்கப்படாமல் இருந்தால் அதன் முனையில் புதியதைக் கட்டி இழுத்தாலே வந்துவிடும்.

கேள்வி: தெர்மோஸ்டாட்டை ஆஃப் செய்துவிட்டுத்தான் வேலை செய்தேன். சிவப்பு வயர் எதிலோ பட்டு ஒரு சின்னப் பொறி. இப்போது புதியதும் எரியவில்லை, பழையதைத் திரும்ப மாட்டினால் அதுவும் எரியவில்லை.
– வாசகர், மோரிஸ்வில், வட கரோலினா

பதில்: தெர்மோஸ்டாட்டை ஆஃப் செய்தால் மெஷின் நிற்கும், வயரில் 24 வோல்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். ஆர் வயர் சி-யைத் தொட்டதில் ஃபியூஸ் போயிருக்கிறது. அதன் வேலையே அதுதான், அது போனதால் மற்றவை பிழைத்தன.

ஏர் ஹேண்ட்லரின் பிரேக்கரை அணையுங்கள். ஸ்ட்ரிப் உள்ள ஏர் ஹேண்ட்லருக்குப் பெரும்பாலும் இரண்டு பிரேக்கர் இருக்கும், இரண்டையும் அணையுங்கள். தெர்மோஸ்டாட் வயரில் இருப்பது ஷாக் அடிக்காத 24 வோல்ட். இந்த மூடிக்குப் பின்னால் இருப்பது 240. இதை நான் ஒவ்வொரு மாதமும் எழுதினாலும் சலிக்காமல் எழுதுவேன். மூடியைத் திறந்தால் சர்க்யூட் போர்டில் காருக்குப் போடுவது போன்ற சின்ன பிளேடு ஃபியூஸ் தெரியும். ஊதா நிறம் என்றால் 3 ஆம்பியர், வெளிர் பழுப்பு என்றால் 5. நடுக்கம்பி அறுந்திருக்கும். கார் உதிரிபாகக் கடையில் அதே ஆம்பியரில் வாங்கிப் போடுங்கள். 3 இருந்த இடத்தில் 5 கிடைத்தது என்று போடாதீர்கள், அடுத்த தடவை டிரான்ஸ்ஃபார்மர் எரியும். போர்டில் ஃபியூஸே இல்லை என்றால் டிரான்ஸ்ஃபார்மரில் அழுத்துகிற சின்ன பட்டன் இருக்கிறதா பாருங்கள். அதுவும் இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மர் போயிருக்க வாய்ப்பு அதிகம். அந்த வேலைக்கு ஆளைக் கூப்பிடுங்கள்.

புதிய ஃபியூஸும் உடனே போனால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. வெளி மெஷினுக்குப் போகிற வயரை ஏர் ஹேண்ட்லர் பக்கம் கழற்றிவைத்துவிட்டு ஒரு ஃபியூஸ் போடுங்கள். அந்த ஃபியூஸ் போகாமல் இருந்தால் கோளாறு வெளியே இருக்கிறது. புல் வெட்டும் டிரிம்மர் கீறியிருக்கும், இல்லாவிட்டால் அணில் கடித்திருக்கும். மெஷின் பக்கத்தில் தரையோடு போகிற அந்த ஒரு முழம் வயரைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

கேள்வி: பெண்ணைப் பார்க்கத் தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கிறேன். புது தெர்மோஸ்டாட் மாட்டியதிலிருந்து, விடியற்காலையில் வெளியே உள்ள மெஷினிலிருந்து புகை வருகிறது. உஸ்ஸென்று சத்தமும் கேட்கிறது. பெண்ணும் மாப்பிள்ளையும் ஒன்றுமில்லை என்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.
– ஒரு தாயார், கேரி

பதில்: அம்மா, நீங்கள் பார்ப்பது நீராவி. தெர்மோஸ்டாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. குளிர்காலத்தில் வெளி மெஷினின் தகடுகள் காற்றைவிட இன்னும் குளிர்ந்திருக்கும், அதனால் ஈரம் பனியாகப் படிந்துவிடும். அதை உருக்க மெஷின் சில நிமிடம் திசை மாறி, சூட்டை வெளிப்பக்கம் அனுப்பும். உஸ்ஸென்ற சத்தம் அந்த வால்வு திரும்புகிற சத்தம். மேலே உள்ள காற்றாடி நின்றுவிடும், பனி உருகி ஆவியாக எழும்பும். விடியற்காலையில் குளிர்ந்த காற்றில் அது அடர்த்தியாகத் தெரியும். பத்து நிமிடத்துக்குள் அடங்கிவிடும். கருகிய வாடை வந்தாலோ, தகடு முழுவதும் வெள்ளையாகக் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் உருகாமல் இருந்தாலோ பெண்ணிடம் சொல்லி ஆளைக் கூப்பிடச் சொல்லுங்கள். அதுவரை நிம்மதியாக இருங்கள். நீங்கள் கவனித்துக் கேட்டது நல்லதுதான்.

கேள்வி: காலையிலும் மாலையிலும் மட்டும் வீடு சில்லென்று ஆகிவிடுகிறது. தெர்மோஸ்டாட்டோ 72 காட்டுகிறது. வயர் படம் இணைத்திருக்கிறேன்.
– வாசகி, ஏபெக்ஸ், வட கரோலினா

பதில்: வயர் எல்லாம் அழகாக இருக்கிறது. படத்தின் கீழ் ஓரத்தில்தான் விடை இருக்கிறது: தெர்மோஸ்டாட்டுக்கு நேர் கீழே பூஜை அலமாரி. விளக்கு எரிகிற நேரத்தில் சூடான காற்று நேராக மேலே போய், அறை சூடாகிவிட்டது என்று தெர்மோஸ்டாட்டை நம்பவைக்கிறது. அலமாரியை நகர்த்தச் சொல்லமாட்டேன். உங்கள் மாடலுக்குத் தனி சென்சார் கிடைக்கும். அதைக் கூடத்தில் வைத்து, அந்த நேரங்களில் அதன் அளவையே எடுத்துக்கொள்ளும்படி அமையுங்கள். கூடவே, தட்டுக்குப் பின்னால் வயர் வருகிற ஓட்டையைக் கொஞ்சம் புட்டி வைத்து அடையுங்கள். சுவருக்குள்ளிருந்து வருகிற காற்றும் அளவைக் கெடுக்கும்.

கேள்வி: பழைய கேஸ் ஃபர்னஸை வைத்துக்கொண்டு ஹீட் பம்ப் சேர்த்தோம். புதிய தெர்மோஸ்டாட் சில சமயம் இரண்டையும் ஒன்றாக ஓட்டுகிறது. வெளி மெஷின் நின்று நின்று போகிறது.
– வாசகர், மார்க்கம், ஒன்டாரியோ

பதில்: இரண்டும் ஒன்றாக ஓடவே கூடாது. ஹீட் பம்பின் உள் 'காயில்', அதாவது வாயு ஓடுகிற குழாய்ச் சுருள், ஃபர்னஸுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். கீழே கேஸ் எரிந்து வருகிற காற்று அந்தக் காயில் மேல் அடிக்கும். ஏற்கெனவே சூடாக இருக்கிற அந்தக் காயில் தன் வெப்பத்தை விட முடியாமல், உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தம் ஏறும். பாதுகாப்பு சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்தும். நின்று நின்று போவதற்குக் காரணம் அதுதான். நீண்ட நாள் இப்படியே ஓடினால் கம்ப்ரசருக்கு ஆகாது.

எலெக்ட்ரிக் ஸ்ட்ரிப் உள்ள வீட்டுக்கு ஆக்ஸ் சேர்ந்து ஓடுவது சரி, உங்கள் வீட்டுக்குத் தவறு. தெர்மோஸ்டாட் அமைப்பில் துணைச் சூடு கேஸ் என்று சொல்லி, டூயல் ஃபியூவல் என்ற வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் பக்கத்து டொராண்டோவில் 2007-இல் தொடங்கிய ஈகோபி நிறுவனத்தின் தெர்மோஸ்டாட் போன்றவற்றில், கம்ப்ரசரோடு ஆக்ஸும் ஓடலாமா என்று தனியாகவே கேட்கும். வேண்டாம் என்று வையுங்கள். பிறகு, எந்த வெப்பநிலைக்குக் கீழே கேஸுக்கு மாறுவது என்ற எண். மைனஸ் 5 செல்சியஸில் தொடங்கிப் பாருங்கள். உங்களிடம் இருப்பது கடுங்குளிர் மாடல் என்றால் இன்னும் கீழே போகலாம். ஒன்டாரியோவில் 2023-இல் வந்த இரவு நேரக் குறைந்த கட்டணத் திட்டத்தில் இருந்தால், இரவு 11 முதல் காலை 7 வரை கரண்ட் மலிவு, அந்த நேரத்தில் ஹீட் பம்பையே அதிகம் நம்பலாம்.

ஒன்று மட்டும். தெர்மோஸ்டாட் வெளி வெப்பநிலையை இணையத்தில் வானிலைத் தகவலாக எடுக்கும். வைஃபை போனால் அந்த மாற்றமும் தடுமாறும். உங்கள் மாடல் ஏற்குமானால் வெளிச்சுவரில் ஒரு சென்சார் வைத்துத் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆகஸ்டில் தெர்மோஸ்டாட் திரை அடிக்கடி இருண்டு போகும், சில மணி நேரத்தில் திரும்பி வரும். இரண்டு தெர்மோஸ்டாட் மாற்றிவிட்டோம். அடுத்த கோடைக்கு முன் தீர்வு வேண்டும்.
– வாசகர், டாம்பா, ஃபுளோரிடா

பதில்: மூன்றாவதை வாங்காதீர்கள். ஏர் ஹேண்ட்லரின் தண்ணீர்க் குழாய் அடைத்திருக்கிறது. ஏசி ஓடும்போது காயிலில் கசிகிற தண்ணீர் ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியே வெளியே போகும். உங்கள் ஊர் ஈரத்தில் அந்தக் குழாய்க்குள் பாசி பிடித்து அடைக்கும். தண்ணீர் ஏறினால் மிதவை சுவிட்ச் ஒன்று 24 வோல்ட்டையே அறுத்துவிடும்படி பல வீட்டில் இணைத்திருப்பார்கள். வீட்டுக் கூரை நனையாமல் இருக்க அது செய்கிற உதவி. தண்ணீர் மெதுவாக வடிந்ததும் மிதவை இறங்கி, தெர்மோஸ்டாட் திரும்ப எரியும். குழாயின் வெளி வாயில் ஈரக்குப்பை உறிஞ்சும் வாக்குவம் வைத்து இழுங்கள், உள்ளே உள்ள டி வடிவத் திறப்பில் ஒரு கோப்பை வெள்ளை வினிகர் ஊற்றுங்கள். கோடையில் மாதம் ஒரு முறை அதைச் செய்தால் போதும். மிதவை சுவிட்சை மட்டும் யார் சொன்னாலும் நீக்கிவிடாதீர்கள்.

கேள்வி: பழைய நெஸ்ட், சுவரில் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் ஃபோனில் வரவே மாட்டேன் என்கிறது. சி வயர் பிரச்சினையா?
– வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: வயருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 2011-இலும் 2012-இலும் வந்த முதல் இரண்டு தலைமுறை நெஸ்டுக்கு கூகுள் 2025 அக்டோபர் 25-ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. சுவரில் கையால் திருப்பினால் வேலை செய்யும், அதில் போட்டுவைத்த நேர அட்டவணையும் ஓடும், ஃபோனிலிருந்து மட்டும் முடியாது. அதுவே உங்களுக்குப் போதும் என்றால் இருக்கட்டும், மாற்றத் தேவையில்லை.

கேள்வி: புது வீட்டில் தெர்மோஸ்டாட்டுக்கு நான்கே வயர், டெர்மினலில் ஏ, பி, சி, டி என்று இருக்கிறது. ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் வாங்கி வைத்திருக்கிறேன்.
– வாசகர், ஹோலி ஸ்பிரிங்ஸ், வட கரோலினா

பதில்: கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் மெஷினும் தெர்மோஸ்டாட்டும் டிஜிட்டலாகப் பேசிக்கொள்கின்றன. இரண்டு வயர் தகவலுக்கு, இரண்டு கரண்டுக்கு. கம்ப்ரசர் தன் வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடுவதற்கே அந்தப் பேச்சு வேண்டும். சாதாரண 24 வோல்ட் தெர்மோஸ்டாட்டை இதில் மாட்ட முடியாது. அதே நிறுவனத்தின் வைஃபை தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று கேளுங்கள். இன்னும் ஒரு வகையும் உண்டு: தட்டைக் கழற்றினால் மெல்லிய வயர்களுக்குப் பதில் தடித்த இரண்டோ நான்கோ வயர், பெரிய வயர் நட்டோடு இருக்கும். அது 120 அல்லது 240 வோல்ட், சுவரோரம் தரையை ஒட்டி வைக்கிற பேஸ்போர்டு ஹீட்டருக்கானது. தட்டை அப்படியே மூடிவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: வீட்டில் கழற்றிய பழைய வட்டத் தெர்மோஸ்டாட்டைக் குப்பையில் போடலாமா? பேரன் விளையாடக் கேட்கிறான்.
– வாசகர், டர்ஹம், வட கரோலினா

பதில்: இரண்டும் வேண்டாம். மூடியைத் திறக்காமல் பக்கவாட்டில் பாருங்கள். உள்ளே கண்ணாடிக் குமிழில் வெள்ளியாக ஒரு துளி உருண்டால் அது பாதரசம். 1953-இல் வந்த ஹனிவெல் வட்ட மாடலிலும் அதன் வழி வந்த பலவற்றிலும் அதுதான் சுவிட்ச். குமிழ் உடைந்தால் வீட்டுக்குள் பாதரச ஆவி தங்கிவிடும். குமிழ் ஆடாதபடி ஒரு மூடி போட்ட டப்பாவில் நிமிர்த்தி வைத்து, உங்கள் கவுண்டியின் அபாயக் கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுத்துவிடுங்கள். நாங்கள் உதிரிபாகம் வாங்கும் மொத்தக் கடைகளிலும் இதற்கென்று ஒரு தொட்டி வைத்திருப்பார்கள். வேலைக்கு வரும் டெக்னீஷியனிடம் கொடுத்தாலும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்.